சென்னை - பெங்களூர்: ஐம்பது நிமிடக் கணக்கு

"சென்னையிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்?" என்று கூகுளாண்டவரிடம் கேட்டால் கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிடும். தூரம் 268 கிலோமீட்டர். நேரம் சுமார் 50 நிமிடம். ஒரு பாதி சினிமா கூடப் பார்க்க முடியாத நேரம். ரயிலில் போனால் நாலு மணி நேரத்துக்கு மேல், பஸ்ஸில் போனால் ஆறேழு மணி நேரம். ஆக, விமானம் தான் வேகம் என்று முடிவு கட்டிவிட்டு டிக்கெட் எடுக்கப் போய்விடுகிறார்கள்.

டிக்கெட் எடுப்பது அவரவர் விருப்பம், அவரவர் காசு. அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் இதே மாதிரியான கணக்கை வைத்துக்கொண்டு தான் எங்கே விமான நிலையம் கட்டலாம், யாருடைய வயலை எடுக்கலாம், எந்த ஊரைக் காலி செய்யலாம் என்று முடிவெடுக்கிறார்கள். அதனால் அந்த ஐம்பது நிமிடத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஐம்பது நிமிடம் எங்கிருந்து வந்தது?

முதலில் தூரம். இது சுலபமான கணக்கு, பள்ளிக்கூடப் பையனே போட்டுவிடலாம். மீனம்பாக்கம் ஏறக்குறைய 13 பாகை வடக்கு, 80.2 பாகை கிழக்கு. தேவனஹள்ளி 13.2 பாகை வடக்கு, 77.7 பாகை கிழக்கு. வடக்கு தெற்காகப் பெரிய வித்தியாசம் இல்லை. கிழக்கு மேற்காக இரண்டரை பாகைக்குக் கொஞ்சம் குறைவு. இந்த அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகை என்பது சுமார் 108 கிலோமீட்டர். பெருக்கினால் 270க்குப் பக்கத்தில் வந்துவிடும். பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக வைத்துத் துல்லியமாகப் போட்டால் 268. இதைத் தான் பெருவட்டத் தூரம் என்கிறார்கள். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் வரும் நீளம்.

அடுத்து நேரம். இந்தக் கணக்கைப் போடும் இணையப் பக்கங்கள் பெரும்பாலும் செய்வது ஒரே வேலை. தூரத்தை மணிக்கு 800 சொச்சம் கிலோமீட்டரால் வகுப்பார்கள். ஏறவும் இறங்கவும் என்று அரைமணி சேர்ப்பார்கள். 268ஐ 800ஆல் வகுத்தால் 20 நிமிடம். கூட 30. ஐம்பது நிமிடம் ரெடி. இதில் மீனம்பாக்கமும் இல்லை, தேவனஹள்ளியும் இல்லை, காற்றும் இல்லை, மழையும் இல்லை. ஒரு வகுத்தல், ஒரு கூட்டல், அவ்வளவு தான்.

சென்னை - டெல்லி மாதிரி 1,700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். நீளமான பயணத்தில் பெரும்பகுதி நேரம் விமானம் உச்ச வேகத்தில் போகும். அரைமணி முன்னே பின்னே ஆனாலும் மொத்தத்தில் பெரிதாகத் தெரியாது. தூரம் குறையக் குறையத் தான் கணக்கு உதைக்க ஆரம்பிக்கும். 268 கிலோமீட்டர் பயணத்தில் விமானம் முழு வேகத்தைத் தொடுவதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது, அதாவது மணிக்கு 460 கிலோமீட்டர் சொச்சம். 800 என்ற எண் இந்தப் பயணத்தில் கொஞ்ச நேரத்துக்கு மட்டுமே உண்மை.

நூல் பிடித்த மாதிரி நேராகவும் போவதில்லை. விமானம் எதிர்க்காற்றில் ஏறும், எதிர்க்காற்றில் இறங்கும். சென்னையின் பிரதான ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில், மேற்கே பெங்களூர் போக வேண்டிய விமானம் கடலைப் பார்த்துக் கிளம்பிப் பிறகு திரும்ப வேண்டும். பெங்களூரில் இரண்டு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்கு தான். அங்கேயும் கிழக்குக் காற்று என்றால் ஊரைத் தாண்டிப் போய், திரும்பி வந்து இறங்க வேண்டும். 268 கிலோமீட்டர் என்பது காக்காய்க்குப் பொருந்தும். விமானத்துக்குப் பொருந்தாது.

விமானக் கம்பெனிகளுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் தான் அவர்கள் டிக்கெட்டில் ஒரு மணி நேரம், ஒரு மணி பத்து நிமிடம் என்று போடுகிறார்கள். நிறுத்தியிருந்த இடத்திலிருந்து விமானம் நகர ஆரம்பித்தது முதல் அந்தப் பக்கம் போய் நின்று ஓயும் வரை உள்ள நேரம் அது. தரையில் ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, தாமதத்துக்கென்று கொஞ்சம் கையிருப்பு, எல்லாம் அதில் அடக்கம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தங்கள் விமானத்தின் நேரத்தைத் தான் சொல்கிறார்கள். அதை மனிதனின் பயண நேரம் என்று எடுத்துக்கொள்வது தான் தப்பு.

விமானத்தின் நேரம், மனிதனின் நேரம்

யாரும் மீனம்பாக்கத்து ஓடுபாதையில் குடியிருப்பதில்லை. யாருக்கும் தேவனஹள்ளி ஓடுபாதையில் வேலை இல்லை. வீட்டு வாசலில் கிளம்பி இன்னொரு வாசலில் போய் நிற்பது தான் பயணம். அப்படி இரண்டு பேரைக் கற்பனை செய்து பாருங்கள். சாதாரண நாள், சாதாரண நெரிசல்.

முதல் ஆள் பெரம்பூர்க்காரர். பெங்களூர் ஜெயநகரில் வேலை. வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போக ஒன்றேகால் மணி. உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்கும் கவுன்டரை மூடிவிடுகிறார்கள். பாதுகாப்புச் சோதனை வரிசையும் இருக்கிறது. ஒன்றரை மணி முன்னால் போய்ச் சேருவது தான் புத்திசாலித்தனம். விமானம் 1 மணி 5 நிமிடம். இறங்கி, பெட்டி எடுத்து, வெளியே வர 25 நிமிடம். தேவனஹள்ளியிலிருந்து ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஜெயநகர் போக ஒன்றேமுக்கால் மணி. மொத்தம் 6 மணி நேரம்.

அதே ஆள் ரயிலில் போனால்? பெரம்பூரிலிருந்து சென்ட்ரல் அரைமணி. வண்டிக்கு 20 நிமிடம் முன்னால் போனால் போதும். 2022 நவம்பரில் வந்த வந்தே பாரத் நாலேகால் முதல் நாலரை மணிக்குள் பெங்களூர் போய்விடுகிறது. ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஜெயநகர் அரைமணி. மொத்தம் 5 மணி 45 நிமிடம். தண்டவாளத்தில் 362 கிலோமீட்டர் சுற்றிப் போகும் ரயில், 268 கிலோமீட்டர் பறக்கும் விமானத்தைக் கால் மணி நேரம் முந்திவிட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காட்பாடி மலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே.

இரண்டாவது ஆள் கிண்டிக்காரர். ஹெப்பாளில் வேலை. இவருக்குக் கணக்கு தலைகீழ். மீனம்பாக்கம் 25 நிமிடம், காத்திருப்பு ஒன்றரை மணி, விமானம் 1 மணி 5 நிமிடம், வெளியே வர 25 நிமிடம், ஹெப்பாள் போக 35 நிமிடம். மொத்தம் 4 மணி நேரம். ரயிலில் போனால் ஆறு மணியைத் தாண்டிவிடும். இவர் விமானத்தில் போவது தான் நியாயம்.

இரண்டு பேருக்கும் வானத்தில் ஆன நேரம் ஒன்றே. வித்தியாசம் முழுக்கத் தரையில். சென்னை - பெங்களூர் பயணம் எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு விடை சொல்வது 268 என்ற எண் இல்லை. இரண்டு நிலையங்களும் ஊரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பது தான். அந்த எண்ணை எந்தக் கணக்கிடும் பக்கமும் கேட்பதில்லை.

பெங்களூர் கற்றுக் கொடுத்த பாடம்

2008 மே மாதம் வரை பெங்களூர் விமானங்கள் ஹெச்ஏஎல் நிலையத்தில் இறங்கின. எம்.ஜி. ரோட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அது மூடப்பட்டு, 35 கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி தேவனஹள்ளியில் புது நிலையம் திறந்தார்கள். பழைய நிலையத்தையும் நடத்துங்கள் என்று விமான நிலைய ஆணைய ஊழியர்கள் அந்த வருடம் வேலைநிறுத்தமே செய்தார்கள். நடக்கவில்லை. 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 25 வருடத்துக்கு வேறு நிலையம் வரக்கூடாது என்று புது நிலையத்தின் ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தது.

இப்போது ஒரு வேடிக்கை பாருங்கள். மீனம்பாக்கத்திலிருந்து ஹெச்ஏஎல்லுக்கு நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 272 கிலோமீட்டர். தேவனஹள்ளிக்கு 268. அதாவது நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டு போனதும், சென்னை - பெங்களூர் "விமானத் தூரம்" 4 கிலோமீட்டர் குறைந்துவிட்டது! காகிதத்தில் முன்னேற்றம். ஜெயநகர்க்காரருக்கோ போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் கூடுதலாகப் போயிற்று. புது நிலையம் திறந்து 17 வருடம் கழித்து, 2025 முடியும்போது கூட மெட்ரோ ரயில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. 17 வருடம் என்றால், திறந்த வருடம் பிறந்த குழந்தை பிளஸ் டூ படிக்கும் காலம்.

அந்த 150 கிலோமீட்டர் நிபந்தனையையும் கவனிக்க வேண்டும். இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரம் இங்கே சட்ட விஷயமாகவே ஆகிவிட்டது. 2024 ஜூனில் தமிழக அரசு ஓசூரில் விமான நிலையம் அமைக்கப் போவதாகச் சட்டசபையில் அறிவித்தது. தெற்கு பெங்களூர்க்காரர்களுக்கும் அது பக்கம். உடனே குறுக்கே வந்து நின்றது இந்த 150 தான். ஊரிலிருந்து நிலையம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம் என்று மக்களுக்காக ஒரு உச்சவரம்பு போட யாருக்கும் தோன்றவில்லை. போட்டி நிலையம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று கம்பெனிக்காக வரம்பு போடத் தோன்றியது.

அடுத்தது பரந்தூர்

2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வானது. காஞ்சிபுரத்துக்கு அருகே, சென்னை நகரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். பதிமூன்று கிராமங்களின் நிலம் தேவை. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது.

இங்கேயும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பரந்தூர் மீனம்பாக்கத்துக்கு மேற்கே நேர்க்கோட்டில் 45 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பெங்களூர் இருப்பதும் மேற்கே. ஆகவே பரந்தூர் - தேவனஹள்ளி தூரம் 220, 225 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இணையத்தில் தட்டினால் 47 நிமிடம் என்று வரும். மூன்று நிமிடம் மிச்சம்!

பெரம்பூர்க்காரரின் கணக்கு என்ன? மீனம்பாக்கம் போக ஒன்றேகால் மணி ஆன இடத்தில், பரந்தூர் போக இரண்டு, இரண்டரை மணி ஆகும். வானத்தில் மூன்று நிமிட லாபம், தரையில் ஒரு மணி நேர நஷ்டம். இரண்டு நகரங்களும் தங்கள் விமான நிலையங்களை ஒன்றை நோக்கி ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் "விமான நேரம்" குறைந்துகொண்டே வரும். ராணிப்பேட்டையில் ஒன்றும் கோலாரில் ஒன்றும் கட்டினால் இன்னும் குறையும். கடைசியில் பஸ்ஸில் பாதி தூரம் போய், பத்து நிமிடம் பறந்து, மீதி தூரம் பஸ்ஸில் போகலாம். உலகத்திலேயே வேகமான சென்னை - பெங்களூர் விமானம் என்று விளம்பரமும் போடலாம்.

சிரிப்பாக இருக்கலாம். ஏகனாபுரத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த ஊர் முழுசாகப் போய்விடும் என்பது தான் திட்டம். 2022 ஜூலையில் ஆரம்பித்த அவர்களுடைய போராட்டம் 2025ல் ஆயிரம் நாளைத் தாண்டியது. பகலில் வயல் வேலை, சாயங்காலம் போராட்டம். கிராமசபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். இழப்பீடு கூடுதலாகக் கேட்டு நடந்த போராட்டம் இல்லை இது. நிலத்தையும் ஏரியையும் விட்டுப் போக மாட்டோம் என்பது தான் அவர்கள் சொன்னது. நெல் விளையும் பூமி. ஏரிகளும், அவற்றை நிரப்பும் கம்பன் கால்வாயும் உள்ள பகுதி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு புகுந்து மீனம்பாக்கம் சில நாள் மூடிக் கிடந்ததைப் பார்த்த பிறகும், இன்னொரு நிலையத்தை ஏரிகளின் மேல் வைக்க நினைத்தால் அதை என்னவென்று சொல்வது?

அவர்களிடம் "நாட்டின் வளர்ச்சிக்காக" என்று சொல்கிறார்கள். சரி, வளர்ச்சி என்றால் அதற்கு ஒரு அளவு வேண்டுமே? ஒரு சராசரி சென்னைவாசியின் பயணம் வாசலிலிருந்து வாசல் வரை எத்தனை நிமிடம் குறையும், அல்லது கூடும் என்று யாராவது அந்த ஊர்க்காரர்களுக்கு முன்னால் கணக்கு வைத்தார்களா? எத்தனை கோடிப் பயணிகள், எத்தனை ஓடுபாதை, எத்தனை ஆயிரம் கோடி ரூபாய் என்ற எண்கள் தான் அவர்கள் காதில் விழுந்தன. வீட்டைக் கொடுப்பவனுக்கு, யாருடைய எந்த நேரம் மிச்சமாவதற்காகக் கொடுக்கிறான் என்று தெரிந்துகொள்ளும் உரிமை கூடவா இல்லை?

எதிர்த் தரப்பு சொல்வதும் நியாயம் தான், ஆனால்...

மீனம்பாக்கத்தில் இடம் இல்லை என்பார்கள். உண்மை. ஒரு பக்கம் அடையாறு, ஒரு பக்கம் குன்று, சுற்றிலும் வீடுகள். இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் தனித்தனியாக முழு வீச்சில் பயன்படுத்த முடியாது. கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. எதுவுமே செய்ய வேண்டாம் என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த நெரிசலில் பெங்களூர் மாதிரி குறுந்தூர விமானங்களுக்கும் பங்கு உண்டு. ஓடுபாதையைப் பொறுத்தவரை பெங்களூர் விமானமும் லண்டன் விமானமும் ஒன்று தான். இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு முறை வழி விட வேண்டும். ரயிலில் போகக்கூடிய ஆட்களை ரயிலுக்கு மாற்றினால், ஒரு ஓடுபாதையும் கட்டாமலே கொஞ்சம் இடம் கிடைக்கும். தைவானில் 2007ல் அதிவேக ரயில் வந்தது. தைபே - காவ்ஷியுங் விமானங்கள் 2012ல் முழுசாக நின்றே போயின. யாரும் தடை போடவில்லை, ஆட்கள் ஏறவில்லை, அவ்வளவு தான். பிரான்ஸ் 2023ல் சட்டமே போட்டு, ரயிலில் இரண்டரை மணிக்குள் போகக்கூடிய ஊர்களுக்கு பாரிஸ் ஓர்லியிலிருந்து விமானத்தை நிறுத்தியது.

சென்னை - பெங்களூர் வந்தே பாரத்தின் சராசரி வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் சொச்சம் தான். 362 கிலோமீட்டரை மூன்றரை மணியில் கடக்க 105 கிலோமீட்டர் சராசரி போதும். உலகத்தில் இது ஒன்றும் அதிசய வேகம் இல்லை. அது நடந்தால் பெரம்பூர்க்காரர் மட்டுமில்லை, கிண்டிக்காரரும் கொஞ்சம் யோசிப்பார்.

அடுத்த வாதம், மீனம்பாக்கத்தை மூடப் போவதில்லை, இரண்டும் நடக்கும் என்பது. அரசு அப்படித் தான் சொன்னது. சந்தோஷம். ஆனால் எந்த விமானம் எங்கே போகும்? குறுந்தூர விமானங்கள் பரந்தூர் போனால் அவற்றில் ஏறுவதற்கு அர்த்தமே இல்லை, ஏற்கெனவே பார்த்த கணக்கு. வெளிநாட்டு விமானங்கள் பரந்தூர் போய் உள்நாட்டு விமானங்கள் மீனம்பாக்கத்தில் இருந்தால்? மதுரையிலிருந்து வந்து சிங்கப்பூர் போகிறவர் நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐம்பது அறுபது கிலோமீட்டர் சாலையில் போக வேண்டும். அவர் என்ன செய்வார்? அடுத்த முறை வேறு ஊர் வழியாகப் போவார்.

இது ஜோசியம் இல்லை. கனடாவில் நடந்தது. மான்ட்ரியல் நகருக்காக 1969ல் மிராபெல் என்ற இடத்தில் சுமார் 97,000 ஏக்கர் நிலத்தை விவசாயிகளிடமிருந்து எடுத்தார்கள். 1975ல் நிலையம் திறந்தது. ஊரிலிருந்து சாலை வழியே 50 கிலோமீட்டர் அளவு. வெளிநாட்டு விமானங்கள் மிராபெல்லில், உள்நாட்டு விமானங்கள் பழைய டோர்வால் நிலையத்தில். நகரத்தோடு சேர்க்க நினைத்த வேக ரயில் வரவே இல்லை. மாறிப் போக வேண்டிய பயணிகள் டொரன்டோ பக்கம் போய்விட்டார்கள். 1997ல் வெளிநாட்டு விமானங்களை டோர்வாலுக்கே திரும்ப விட்டார்கள். 2004ல் மிராபெல்லில் கடைசிப் பயணி விமானம். 2014ல் கட்டடத்தை இடிக்க ஆரம்பித்தார்கள். எடுத்த நிலத்தில் பெரும்பகுதி விவசாயிகளுக்கே திரும்பப் போயிற்று, ஆனால் எடுக்கும்போது இருந்த வாழ்க்கை திரும்பவில்லை.

ஜப்பானிலும் ஒரு கதை உண்டு. டோக்கியோ நடுவிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி நரிதா. 1966ல் அறிவித்ததும் விவசாயிகள் எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. 1978 மார்ச்சில் போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள்ளேயே புகுந்து சாதனங்களை உடைத்தார்கள். அந்த வருடம் மே மாதம் தான் நிலையம் திறந்தது. நரிதா தோற்றுப் போகவில்லை, வேக ரயில் போட்டுச் சமாளித்தார்கள். ஆனாலும் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஹனேடாவுக்கு 2010ல் புது சர்வதேச முனையம் கட்டி வெளிநாட்டு விமானங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். முப்பது வருடம் கழித்து, தூரம் தான் விஷயம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி.

பரந்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு, அதாவது காஞ்சிபுரம், வேலூர், ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு லாபம் தானே என்றால், லாபம் தான். வேலூர்க்காரர் துபாய் போக அது வசதி. மறுக்க முடியாது. ஆனால் வேலூர்க்காரர் பெங்களூர் போக விமானத்தில் ஏற மாட்டார், காட்பாடியில் ரயில் ஏறுவார். அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். எத்தனை பேருக்கு எவ்வளவு லாபம், எத்தனை பேருக்கு எவ்வளவு நஷ்டம் என்று இரண்டையும் காகிதத்தில் வையுங்கள். லாபம் கூடுதல் என்று வந்தால் கூட, ஏகனாபுரத்தோடு உட்கார்ந்து பேச அப்போது தான் ஒரு அடிப்படை இருக்கும்.

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம்.

ஒன்று, விமான டிக்கெட் விற்கும் பக்கங்கள் "1 மணி நேரம்" என்று போடும்போது, கவுன்டர் மூடும் நேரத்தையும் நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு உள்ள தூரத்தையும் அதே அளவு எழுத்தில் பக்கத்திலேயே போட வேண்டும். டூத்பேஸ்ட் பெட்டியில் எடை போடச் சொல்லி சட்டம் இருக்கிறது. பயணத்துக்கு இல்லை.

இரண்டு, எந்தப் புது விமான நிலையமானாலும், நகரத்தின் முக்கியப் பகுதிகளிலிருந்து அங்கே போய்ச் சேர ஆகும் நேரத்தை நெரிசல் வேளையில் அளந்து வெளியிட வேண்டும். ஒரு ஏக்கர் எடுப்பதற்கு முன்னால்.

மூன்று, ரயில் இல்லாமல் நிலையம் திறக்கக் கூடாது. பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோவை நீட்டிப்பதாகப் பேச்சு இருந்தது. நல்லது. தேவனஹள்ளிக்கும் பேச்சு இருந்தது, 17 வருடம் பேச்சாகவே இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

நாலு, அதே பணத்தில் ஒரு பங்கை சென்னை - பெங்களூர் தண்டவாளத்தில் போட்டால் என்ன ஆகும் என்ற கணக்கையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

இவை எல்லாம் முடிந்த பிறகும் பரந்தூர் தான் சரி என்று வந்தால் வரட்டும். கணக்கு அப்படி வந்தால் மறைக்க வேண்டிய அவசியம் என்ன? இதுவரை வெளியே வைக்காததைப் பார்த்தால் தான் சந்தேகம் வருகிறது.

விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே 268 கிலோமீட்டர் என்பது வானத்தின் கணக்கு. அதில் தப்பில்லை. ஆனால் வானத்தில் யாருக்கும் வீடு இல்லை, வயல் இல்லை, ஏரி இல்லை. அவை எல்லாம் தரையில் இருக்கின்றன. கணக்கையும் தரையிலிருந்தே போட ஆரம்பிப்பது நல்லது.